எங்கோ நடுங்கினால் இங்கே என்ன செய்வது?

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் பிற்பகல் 2.08 மணிக்கு 8.6 அளவுள்ள நிலநடுக்கம். ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையில் சில நிமிடங்களுக்குள் மேசைகள் அசைந்தன, தொங்கும் விளக்குகள் ஊசலாடின, பலருக்குத் தலை சுற்றுவது போலிருந்தது. அலுவலகங்கள் காலியாகின. படியிறங்கி வந்தவர்கள் தாங்கள் இறங்கி வந்த கட்டடத்தின் அடியிலேயே கூட்டமாக நின்று வீட்டாரைக் கைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தார்கள். இணைப்பு கிடைக்காமல் திண்டாடினார்கள். மெரினாவில் இருந்தவர்களைக் காவலர்கள் வெளியேற்றினார்கள். 4.13 மணிக்கு 8.2 அளவில் இன்னொரு நடுக்கம். மாலைக்குள் சுனாமி எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. மறுநாள் நகரம் வழக்கம்போல் வேலைக்குப் போனது.

அந்த மறுநாள்தான் கவலைக்குரியது. தொலைவிலிருந்து வந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்விகளை விட்டுவிட்டுப் போகிறது. கடல் வருமா? நாம் இருக்கும் கட்டடம் இதைவிடப் பெரிய ஆட்டத்தைத் தாங்குமா? முதல் கேள்விக்குப் பதில் சொல்ல 2004க்குப் பிறகு ஓர் அமைப்பு உருவாகியிருக்கிறது. இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

வங்கக் கடலோரத்துக்கு இந்த அனுபவம் புதியதல்ல. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட பெரும் நடுக்கம் அன்றைய மதராஸ் வரை உணரப்பட்டது. அதனால் எழுந்த சிறு சுனாமியைத் துறைமுகங்களில் இருந்த அலைமானிகள் பதிவு செய்தன. 1941 ஜூனில் அந்தமானில் நேர்ந்த நடுக்கத்தையும் மதராஸ் மக்கள் உணர்ந்தார்கள். 2009 ஆகஸ்ட் 11 நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில் அந்தமான் அருகே 7.5 அளவில் நிலம் நடுங்கியபோது சென்னையில் தூக்கத்திலிருந்தவர்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். 2014 மே மாதம் வங்கக் கடலின் நடுவே 6 அளவில் ஒன்று, 2019 பிப்ரவரியில் 5 அளவை ஒட்டி ஒன்று. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரும் விருந்தாளி என்று இதைச் சொல்ல முடியாது.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வரும் அதிர்வுக்குத் தனி இயல்பு உண்டு. நிலநடுக்கம் எழுப்பும் அலைகளில் வேகமாகத் துடிக்கும் குறுகிய அலைகள் பாறையைக் கடந்து வரும் வழியிலேயே தேய்ந்துவிடுகின்றன. மெதுவாக அசையும் நெடிய அலைகள் தேயாமல் நெடுந்தொலைவு போகின்றன. ஊர்க்கோடியில் ஒலிபெருக்கி வைத்துத் திருவிழா நடந்தால் பாட்டின் சொற்கள் நம் வீட்டுக்கு வராமல் மேளத்தின் அடிமட்டும் வந்து சேர்வதைப் போலத்தான் இது. வருகிற அந்த நெடிய அசைவுக்குக் குட்டையான வீடு இசைந்து ஆடாது. உயரமான கட்டடம் ஆடும். தோராயமாக, பத்து மாடிக் கட்டடம் ஒருமுறை போய்த் திரும்ப ஒரு நொடி எடுக்கும், இருபது மாடிக்கு இரண்டு நொடி. கட்டடத்தின் தாளமும் நிலத்தின் தாளமும் ஒன்றானால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். தரைத்தளத்துக் காவலாளிக்கு எதுவும் தெரியாமல் பன்னிரண்டாம் மாடியில் இருப்பவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அலறுவதற்கு இதுவே காரணம். அவர் மிகைப்படுத்தவில்லை. இருவரும் சொல்வது உண்மை.

தென்னிந்தியாவின் பழைய, கெட்டியான பாறைத்தளம் அலைகளை அதிகம் விழுங்காமல் கடத்தக்கூடியது. அதற்கு நேர்மாறான மென்மண்ணும் இங்கே உண்டு. ஆற்று வண்டல், சதுப்பு, கடலோரக் களிமண் ஆகியவற்றின் மேல் எழும்பிய பகுதிகளில், வந்த அசைவு மேலும் பெருகும். ஒரே நகரத்தில் ஒரு பேட்டைக்கு ஆட்டம் தெரிந்து அடுத்த பேட்டைக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

கடலிலிருந்து தொடங்குவோம். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை 6.29 மணிக்கு சுமத்ராவின் வடமுனை அருகே 9.1 அளவில் நிலநடுக்கம். சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலடித் தட்டு கிழிந்தது. சென்னையில் அந்த அதிர்வை உணர்ந்து எழுந்தவர்கள் ஏராளம். சிலர் அடுக்ககங்களிலிருந்து இறங்கி வந்து, சற்று நேரம் நின்று, காப்பி குடிக்கத் திரும்பிப் போனார்கள். சிலர் மார்கழி மாதத்துக் காலை நடைக்காகக் கடற்கரைக்கே போனார்கள். சுனாமி சென்னைக் கரையை அடையச் சுமார் இரண்டரை மணி நேரம் ஆனது.

நில அலை நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஆழ்கடலில் சுனாமி மணிக்கு 700, 800 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் கரையோர மக்களின் உயிர். அன்று அந்த நேரம் முழுவதும் வீணானது. ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால்மணி நேரத்தில் முதல் அறிக்கை வெளியிட்டது. அது நடுக்கத்தின் அளவை 8 என்று குறைத்து மதிப்பிட்டிருந்தது, பசிபிக் நாடுகளுக்கு ஆபத்தில்லை என்றும் சொன்னது. இந்தியப் பெருங்கடலுக்கென்று அன்று எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் சூழ்ந்த செய்தி எட்டு மணிக்கு முன்பே நிலப்பரப்பில் இருந்த விமானப்படையினருக்கு வந்துவிட்டது. அங்கிருந்து அது நாகப்பட்டினத்து மீனவக் குப்பத்துக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் நாகை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லது கிறிஸ்துமசுக்கு வேளாங்கண்ணி வந்தவர்களைப் போல அங்கே இருந்தவர்கள். இலங்கையில் 35,000க்கும் மேல்.

அதே காலையில் வேறு விதமாக நடந்த இரண்டு ஊர்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகே இருந்த சிமெலுவே தீவு. 1907இல் அங்கே ஒரு சுனாமி பெரும் அழிவைச் செய்திருந்தது. அதற்குப் பிறகு பாட்டி பேரனுக்குச் சொல்லும் கதையாகவும் தாலாட்டாகவும் ஒரே செய்தி அத்தீவில் புழங்கிவந்தது. நிலம் பலமாக ஆடி, பிறகு கடல் வற்றினால் மலைக்கு ஓடு. 2004இல் அங்கே வாழ்ந்த 70,000க்கும் மேற்பட்டவர்களில் கடலுக்குப் பலியானவர்கள் ஏழு பேர். அலை வந்து சேர அவர்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடத்தை ஒட்டிய நேரம்தான். சைரன் இல்லை, செயற்கைக்கோள் இல்லை.

இரண்டாவது ஊர் நமக்கு நெருக்கமானது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ கிராமத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தகவல் மையம் அமைத்திருந்தது. கடல் அலையின் உயரம், மீன் கிடைக்கும் இடம் போன்றவற்றை ஒலிபெருக்கியில் சொல்வது அதன் அன்றாட வேலை. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். தொலைக்காட்சியில் செய்தி பார்த்ததும் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் பிழைத்தார்கள். எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்ததை ஊர் முழுவதற்கும் சொல்ல ஓர் ஒலிபெருக்கியும் அதை நம்பும் பழக்கமும் இருந்தனவா என்பது முக்கியமாகிறது.

சிமெலுவேயின் பாடத்தை அப்படியே தமிழகக் கரைக்குப் பெயர்த்துவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே நிலம் நிற்க முடியாதபடி ஆடியது. இங்கே தலைசுற்றல் போல ஓர் அசைவு, அவ்வளவுதான். ஆட்டம் மெலிதாக இருந்தால் அலையும் சிறிதாகத்தான் இருக்கும் என்று நினைப்பது கொடிய தவறு. 1896இல் ஜப்பானின் சன்ரிக்குக் கரையில் மக்கள் உணர்ந்தது லேசான நடுக்கம். பின்னால் வந்த சுனாமியில் சுமார் 22,000 பேர் மாண்டார்கள். 2010 அக்டோபரில் சுமத்ராவுக்கு அப்பாலுள்ள மெந்தாவாய் தீவுகளிலும் இதுவே நடந்தது. மெதுவாக, நீண்ட நேரம் நீடித்த ஆட்டத்தை மக்கள் பொருட்படுத்தவில்லை. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எத்தனை பலமாக ஆடியது என்பதோடு எத்தனை நேரம் ஆடியது என்பதையும் கவனிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். கடற்கரையில் நிற்பவருக்கு இருபது நொடிக்கு மேல் நீளும் மெல்லிய ஊசலாட்டம் விலகிப்போவதற்குப் போதுமான காரணம்.

உடல் உணர்வு மட்டும் போதாது என்பதால்தான் கருவிகள். ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்று அழைக்கப்படும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரிலிருந்து சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்கமானிகள், ஆழ்கடலின் அடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள், கரையோர அலைமானிகள் ஆகியவற்றின் தரவைக்கொண்டு, பெரும் நடுக்கம் நேர்ந்த சுமார் பத்து நிமிடங்களில் முதல் அறிவிப்பை வெளியிடுகிறார்கள். 2012 ஏப்ரலில் இந்த அமைப்பு தேர்ச்சி பெற்றது. அன்று கடலடித் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால் நீர் பெரிதாக மேலே தள்ளப்படவில்லை. சுமத்ராக் கரையிலேயே அலை சுமார் ஒரு மீட்டர்தான் எழும்பியது.

ஆனால் அதே நாள் ஒரு குறையையும் காட்டியது. 2004இல் அழிந்து மீண்டெழுந்த, சுமத்ராவின் பண்டா ஆச்சே நகரில், தப்பியோடியவர்களின் மோட்டார் சைக்கிள்களும் கார்களும் சாலைகளை அடைத்துவிட்டன. உயரத்தில் ஏறி நிற்பதற்கென்றே கட்டிய பாதுகாப்புக் கட்டடங்கள் இருந்தும் பலர் அவற்றை நாடவில்லை. உண்மையான அலை வந்திருந்தால் போக்குவரத்து நெரிசலில் நின்றவர்களை அது அடித்துக்கொண்டு போயிருக்கும். எச்சரிக்கை கேட்ட பிறகு எந்தத் தெரு வழியாக, எந்த மேட்டுக்கு, நடந்தா வண்டியிலா என்பது ஊருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒடிசாவின் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி ஆகிய இரு கடலோர ஊர்கள் 2020இல் யுனெஸ்கோவின் 'சுனாமிக்கு ஆயத்தமான ஊர்' என்ற அங்கீகாரத்தைப் பெற்றன. அபாயப் பகுதியின் வரைபடம், வழிகாட்டிப் பலகைகள், ஊர்ப் பேரிடர்க் குழு, இரவிலும் பகலிலும் எச்சரிக்கையைப் பெறும் வசதி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை என்று அதற்குப் பன்னிரண்டு அளவுகோல்கள். 2024இல் ஒடிசாவிலேயே மேலும் 24 கிராமங்கள் சேர்ந்தன. இந்தியாவில் சுனாமியால் மிக அதிகமானவர்களைப் பறிகொடுத்தது தமிழ்நாடு. இந்த வரிசையில் முதலில் நின்றிருக்க வேண்டிய ஊர்கள் நாகையிலும் கடலூரிலும் குமரியிலும் இருக்கின்றன.

இனி கட்டடம். தொலைதூர அதிர்வு பயமுறுத்துமே தவிர எதையும் இடிக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2025 மார்ச் 28 அன்று அந்த நம்பிக்கை பாங்காக்கில் தூளாயிற்று. மியான்மரில் மண்டலே அருகே 7.7 அளவில் நிலநடுக்கம். பாங்காக் அங்கிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். கூரைமேல் இருந்த நீச்சல்குளங்களிலிருந்து நீர் அருவியாகக் கொட்டியது. சதுசாக் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த முப்பது மாடி அரசுத் தணிக்கை அலுவலகக் கட்டடம் சில நொடிகளில் மண்ணோடு மண்ணானது. தொழிலாளர்கள் பலர் உள்ளே புதைந்தார்கள். நகரம் ஆற்று முகத்துவாரத்துக் களிமண்ணின் மேல் இருக்கிறது. ஆனாலும் பிற வானளாவிகள் நின்றன, இது ஒன்று விழுந்தது. மண்ணை மட்டும் குற்றம் சொல்லி வடிவமைப்பையும் கட்டுமானத் தரத்தையும் விட்டுவிட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். மக்களுக்குக் கைபேசியில் அரசின் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி போய்ச் சேரத் தாமதமானதும் அங்கே பெரும் கண்டனத்துக்கு உள்ளானது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே மெக்சிகோ நகரம் இதைக் காட்டியிருந்தது. 1985 செப்டம்பர் 19இல் நடுக்கம் நேர்ந்தது பசிபிக் கரையில், 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. பழைய ஏரிப் படுகையின் சேற்று மண் அதிர்வைப் பெருக்கி, இரண்டு நொடித் தாளத்தில் ஆட்டியது. ஆறு முதல் பதினைந்து மாடி வரையுள்ள கட்டடங்கள் கொத்துக்கொத்தாகச் சரிந்தன, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் விளைவாகவே மெக்சிகோவில் கரையோரக் கருவிகள் தரும் முன்னறிவிப்பு அமைப்பு வந்தது. தொலைவில் நடுங்கினால் நகருக்கு ஒரு நிமிடம் வரை அவகாசம் கிடைக்கும். ஆண்டுதோறும் அதே செப்டம்பர் 19இல் நகரமே ஒத்திகை பார்க்கும். 2017இல் காலை ஒத்திகை முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து உண்மையான நடுக்கமே வந்தது. இம்முறை மையம் அருகில் இருந்ததால் முன்னறிவிப்புக்கு நேரம் கிடைக்கவில்லை. எங்கே ஒதுங்குவது என்பது மட்டும் மக்களின் நினைவில் புதிதாக இருந்தது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பான் நடுங்கியபோது ஒசாகாவில் நடந்தது பொறியாளர்களை உலுக்கியது. நடுக்கத்தின் மையத்திலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த 256 மீட்டர் உயர அரசுக் கட்டடம் பத்து நிமிடம் வரை ஆடியது. உச்சி ஒரு பக்கத்துக்கு ஒரு மீட்டருக்கும் மேல் போய்வந்தது. மின்தூக்கிகளில் ஆட்கள் சிக்கினார்கள், உட்கூரைகள் பெயர்ந்தன. தரையில் நின்றவர்களுக்கு அது மிதமான அதிர்வுதான். இதற்குப் பிறகு ஜப்பானிய வானிலை நிறுவனம் நெடிய அலைகளின் ஆட்டத்துக்குத் தனி அளவீடு வகுத்து, 2023 முதல் முன்னறிவிப்பிலும் அதைச் சேர்த்துக்கொண்டது. எந்தப் பெரிய நடுக்கமும் சொந்த மண்ணில் பதிவாகாத சிங்கப்பூரும் பொருட்படுத்தாமல் இருக்கவில்லை. சுமத்ரா நடுங்கும்போதெல்லாம் அங்கே அடுக்குமாடி வீடுகளில் வாழ்பவர்கள் அசைவை உணர்கிறார்கள். 2013 முதல், மென்மண்ணின் மேல் எழும் 20 மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்கள் நிலநடுக்க விசையைக் கணக்கிட்டே வடிவமைக்கப்பட வேண்டும் என்று அது விதித்தது.

இந்தியாவின் பாடம் அகமதாபாத்தில் இருக்கிறது. 2001 ஜனவரி 26 அன்று கட்ச்சில் 7.7 அளவில் நிலம் நடுங்கியபோது 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அந்நகரில் சுமார் 750 பேர் இறந்தார்கள். இடிந்தவற்றில் பெரும்பாலானவை நம் நகரங்களில் நாம் தினமும் பார்க்கும் வகை. கீழே வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும், மேலே சுவர்கள் நிறைந்த வீடுகள். மேல்மாடிகள் விறைப்பாக ஒரே கட்டியாய் நகர, கீழ்த்தூண்கள் மட்டும் வளைந்து ஒடிந்தன.

சென்னையின் தெருக்களில் கடந்த முப்பது ஆண்டுகளில் எழுந்த மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகள் பெரும்பாலும் இதே அமைப்புதான். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் நடுங்கியபோது சென்னையும் குலுங்கியது. அடுத்த ஆண்டு திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணயத்தில் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. அப்படியானால் 2002க்கு முன் கட்டியவை குறைந்த விசைக்குக் கணக்கிடப்பட்டவை. பல, கணக்கே போடாமல் மேஸ்திரியின் அனுபவத்தில் எழும்பியவை. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் எந்த நடுக்கமும் இல்லாமலேயே சரிந்து 61 பேரைக் கொன்றது. தரக் கண்காணிப்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதற்கு அதைவிடக் கடுமையான எச்சரிக்கை கிடையாது.

அதிர்வின்போது செய்யவேண்டியது சிக்கலானதல்ல. உயரமான மாடியில் இருப்பவர் ஆட்டம் நிற்கும்வரை உறுதியான மேசைக்கடியிலோ, கண்ணாடியும் அலமாரியும் இல்லாத சுவரோரமோ தலையைக் காத்துக் குனிந்திருக்க வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும்போது படியில் ஓடினால் விழுந்து அடிபடுவதே அதிகம். மின்தூக்கி கூடாது. நின்ற பிறகு இறங்கி, கட்டடத்தின் நிழலை விட்டு விலகித் திறந்தவெளிக்குப் போக வேண்டும். அந்தத் திறந்தவெளி எங்கே? நெரிசலான பேட்டைகளில் விடை தெரியாத கேள்வி இது. பள்ளி மைதானமா, கோயில் திடலா, பூங்காவா என்று தெருவுக்குத் தெரு முன்பே முடிவு செய்ய வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரையும் நடக்க முடியாத முதியவரையும் யார் இறக்குவது என்பதும் அதோடு சேர்ந்த முடிவு.

அழைப்புகளால் தொலைபேசி வலைப்பின்னல் அடைபடும் நேரத்திலும் கோபுரத்திலிருந்து எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே சமயத்தில் போகும் எச்சரிக்கைச் செய்தியின் சோதனை 2023இல் இந்தியாவில் நடந்தது. திடீரென்று அலறிய கைபேசியைப் பலர் திகைத்துப் பார்த்தார்கள். அந்த ஒலி எதற்கு என்று பள்ளிகளிலும் ரேஷன் கடைகளிலும் விளக்கப்பட்டால் கருவியின் பயன் பல மடங்கு கூடும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது அணி அரக்கோணத்தில் இருக்கிறது. மீட்பதற்கு ஆள் உண்டு, ஆனால் அவர்கள் வந்து சேரும் வரையிலான முதல் மணி நேரம் அக்கம்பக்கத்தார் கையில்.

கட்டடங்களைப் பொறுத்தவரை வழி தெரியாமல் இல்லை. நிற்கும் கட்டடத்தை வெளியிலிருந்தே பார்த்து மாடி எண்ணிக்கை, வடிவம், கீழ்த்தள அமைப்பு, விரிசல், மண் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டு, ஆழமான ஆய்வு தேவையா என்று சொல்லும் விரைவு ஆய்வு முறை இருக்கிறது. மருத்துவமனை, பள்ளி, தீயணைப்பு நிலையம், ஆட்சியர் அலுவலகம் ஆகியவற்றிலிருந்து இதைத் தொடங்குவதே முறை. பேரிடர் நாளில் இவை நின்றால்தான் மற்றவர்களுக்கு உதவி. தனியார் குடியிருப்புகளில் கீழ்த்தளத் தூண்களுக்கு இரும்புக் கம்பியும் கான்கிரீட்டும் கொண்டு மேலுறை போடலாம். சில தூண்களுக்கு நடுவே மட்டும் கான்கிரீட் சுவரோ குறுக்கு இரும்புச் சட்டமோ வைக்கலாம். வண்டி நிறுத்தும் இடம் கொஞ்சம் குறையும். பலரும் மறுப்பது அந்த இடத்துக்காகத்தான். வெளிச்சுவர்ப் பூச்சுக்கும் வண்ணத்துக்கும் பணம் திரட்டும் ஆண்டில், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துக் கீழ்த்தளத்தைக் காட்டச் சொல்வதற்குக் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு தீர்மானம் போதும். அதிர்வு வந்த வாரத்தில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தால் கை தூக்குபவர்கள் நிறைய இருப்பார்கள்.